நான்காவது தட்டு

புதுப்பேட்டையில் ஒரு காரை
அரை நாளில் எலும்பாக்கிவிடுவார்கள்.
எந்த வண்டியின் வயிற்றிலிருந்து வந்ததோ,
ஆறு தட்டு சீடி சேஞ்சர்,
செருப்புப் பெட்டி அளவு.
ஆயிரத்து நூறு சொல்லி எழுநூறுக்கு இறங்கினார்கள்.
ஓடுமா என்றேன்.
ஓடினா உங்க அதிர்ஷ்டம் என்றான் கடைப்பையன்,
பொய் சொல்ல இன்னும் பழகாதவன்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஷர்ஃபுதீன்
அதைக் கவிழ்த்துப் பார்த்தார்,
காதருகே வைத்து ஆட்டினார்
தேங்காய் வாங்குகிறவர்போல.
"மேடம், இந்தக் காசுக்குப்
புதுசா புளூடூத் செட்டே போட்டுடலாம்.
போன்ல இல்லாத பாட்டா?"
இருக்கிறது. எல்லாம் இருக்கிறது.
அதுதான் தொல்லை என்று வாய்வரை வந்தது.
"டிக்கியில வைங்க" என்று மட்டும் சொன்னேன்.

தொண்ணூற்றேழாம் வருட எஸ்டீம்.
மூன்றாம் கை. என் சம்பளம், என் பெயர்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுக்
கதவோரப் பட்டியைப் பெயர்த்து
கார்ப்பெட்டைத் தூக்கினார்.
அடியில் பாளம் பாளமாக வண்டல்,
உலர்ந்துபோன அடையாறு.
"ரெண்டாயிரத்துப் பதினஞ்சா?"
வண்டி தண்ணியையே பார்த்ததில்லை என்று
பிள்ளை தலையில் கைவைத்துச் சொன்னவரிடம்
வாங்கியது.
சுரண்டி, பேப்பரில் மடித்து நீட்டினார்.
எதற்கென்று தெரியாமல் வாங்கிக்கொண்டேன்.

மஞ்சள் ஒயர் எப்போதும் உயிரோடு இருக்கணும்.
சிவப்புக்கு, சாவி போட்டால் போதும்.
கறுப்புக்கு வெறும் தகரம் வேண்டும்:
டிக்கி மூலையில் பெயின்ட்டைத் தேய்த்து
வெள்ளி தெரிந்ததும் ஸ்க்ரூவை இறக்கினார்.
பழைய ரேடியோவுக்கு இதைக் கேட்கக் காது இல்லை.
ஆன்டெனாவுக்கும் அதற்கும் நடுவே ஒரு குட்டிப் பெட்டி.
இனி எண்பத்தேழு புள்ளி ஒன்பதில்
டிக்கியே ஒரு வானொலி நிலையம்,
நேயர் ஒருத்தி.

சாவியைத் திருப்பினார்.
பின்னால் ஏதோ புரண்டு படுத்தது.
ஒன்று, காலி. இரண்டு, காலி. மூன்று, காலி.
நான்கில் நின்றது.
சுற்றுகிறது, தேடுகிறது, எட்டு வினாடி.
பச்சைத் திரையில் பிழைக்குறி மின்ன
ஐந்துக்குத் தாவியது.

"யாரோ ஒண்ணை உள்ளயே விட்டுட்டாங்க."
இறுகிக் கிடந்த மேகசினை உருவினார்.
பளபளப்பின்மேல் கறுப்பு மார்க்கரில்
திருமதி கமலவேணி, ஐம்பத்திரண்டு,
வயிறு, எம்.ஆர்.ஐ.

அவர் சிரித்தார்.
பெரம்பூரில் இந்தத் தட்டுகளைப் பதிந்து கொடுப்பவள் நான்.
இது எங்கள் சென்டர் இல்லை, கையெழுத்தும் வேறு.
தோடு, கொலுசு, பல்செட்டு எல்லாவற்றையும்
டிரேயில் வாங்கி வைத்துக்கொண்டு
கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து
நாளைக்குப் பதினெட்டுப் பேருக்குச் சொல்கிறேன்:
மூச்சை இழுங்க.
பிடிங்க.
பிடிச்சிக்கிட்டே இருங்க.
விடுங்க.
பிறகு தட்டை உறையில் போட்டுக் கொடுப்பேன்.
அதற்குமேல் அது எங்கே போகிறது என்று
கேட்டதில்லை.

பாட்டென்று நினைத்து டிரைவர் செருகியிருக்கலாம்.
விளையாட்டாகக் குழந்தை.
அல்லது கமலவேணியேதானா,
டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் வழியில்,
இதுவாவது ஏதாவது சொல்லுமா என்று?

"தூக்கிப் போட்டுடவா?"
"இருக்கட்டும். அதே இடத்துல."

மற்ற ஐந்தில் என்னுடையவை:
இரண்டு நாகஸ்வரம், ஒரு கானா,
உறை தொலைந்துபோன இரண்டு.
மூன்றாவது முடிந்தபோது டவுட்டன் சிக்னல்.
ஏசி இல்லை. கண்ணாடி நாலும் இறக்கியிருந்தேன்.
சேஞ்சர் தேட ஆரம்பித்தது.
பாட்டு இருந்த இடத்துக்குள்
புரசைவாக்கம் ஏறி உட்கார்ந்தது:
ஷேர் ஆட்டோக்காரனின் கூவல், பேக்கரி வாசனை,
பைக்கில் நின்றபடி அழும் ஒரு குழந்தை.
பச்சை விழுந்து
பின்னால் ஹாரன் அடித்தபோதுதான் தெரிந்தது,
நானும் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

ஐந்தாவது தொடங்கியது.
ஆக்ஸிலேட்டரை மிதித்தால்
ஸ்பீக்கரில் ஒரு கொசுவும் கூடவே சுருதி ஏறுகிறது.
எர்த் சரியில்லை.
சனிக்கிழமை மறுபடி பேட்டர்ஸ் ரோடு.